காப்புரிமையில் மேற்கோளை எழுதுவது யார்?

தங்கள் காப்புரிமைகள் இத்தனை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணை நம்புமுன், மேற்கோளை எழுதியது யார் என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமைகளில் 1947 முதல் மேற்கோள் பட்டியல், அதாவது தொடர்புடைய முந்தைய ஆவணங்களின் பட்டியல், அச்சாகிறது. ஆனால் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் சேர்த்தவற்றை நட்சத்திரக் குறியிட்டுப் பிரித்துக் காட்டத் தொடங்கியது 2001இல்தான். அந்தக் குறிகளை எண்ணி அல்காசர், கிட்டெல்மன் என்ற அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது: சராசரியாக ஒரு காப்புரிமையின் மேற்கோள்களில் 63 சதவீதம் ஆய்வாளர் சேர்த்தவை. 40 சதவீதக் காப்புரிமைகளில் எல்லாமே அவர் சேர்த்தவை. கண்டுபிடித்தவர் அந்த ஆவணங்களைப் படித்தே இருக்க வேண்டியதில்லை.

மீதியை விண்ணப்பதாரரும் அவரது வழக்கறிஞரும் சேர்க்கிறார்கள். அதைத் தூண்டுவது பெரும்பாலும் அச்சம். தெரிந்த முக்கியமான முந்தைய ஆவணத்தை ஏமாற்றும் நோக்கில் மறைத்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் நிரூபணமானால், காப்புரிமை முழுவதுமே செல்லாக்காசாகிவிடும். கூடுதலாகக் கொடுத்தாலோ தண்டனை இல்லை. நம் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதும் இப்படித்தான். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் சண்டை. பத்துப் பெயர் கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த தம்பி கல்யாணத்துக்கும் அதே பட்டியல் அப்படியே போகும். ஒரே கண்டுபிடிப்பிலிருந்து கிளைக்கும் தொடர் விண்ணப்பங்களிலும் பழைய பட்டியல் அப்படியே வருகிறது. அச்சுக்குப் போகுமுன் விடுபட்ட மாமாவை எழுதிச் சேர்க்கும் பெரியவர்தான் ஆய்வாளர். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் பட்டியலே பெரும்பாலும் அந்தப் பெரியவர் பொறுப்பு. அதனால் அங்கே பட்டியல் சிறியது; இரு அலுவலகங்களின் எண்களை அருகருகே வைப்பதில் பொருளில்லை. காப்புரிமையின் துறையும் வயதும்கூட எண்ணை மாற்றும்.

அப்படியானால் மேற்கோளுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. சி.டி. ஸ்கேனர் காப்புரிமைகளை ஆராய்ந்த பொருளியலாளர் டிராஜ்டன்பெர்க், மேற்கோள்களைக் கணக்கில் எடுத்தால் காப்புரிமை எண்ணிக்கை சமூகப் பயனோடு நெருங்கிப் பொருந்துவதை 1990இல் காட்டினார். ஒரு காப்புரிமைக்கு ஒரு மேற்கோள் கூடினால் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 3 சதவீதம் உயர்ந்திருப்பதை ஹால், ஜாஃபே, டிராஜ்டன்பெர்க் மூவரும் 2005இல் கண்டனர். இவை வலுவான சான்றுகள். ஆனால் ஏராளமான காப்புரிமைகளைச் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த சராசரிகள் அவை. வழக்கறிஞரின் அச்சமும் ஆய்வாளரின் தேடல் பழக்கமும் அந்தக் கூட்டத்தில் ஓரளவு கரைந்துவிடும். தனி ஒரு காப்புரிமையில் கரையாது. ஆய்வாளரின் மேற்கோள் நடுநிலையானது, எனவே உயர்ந்தது என்ற வாதம் பாதிதான் சரி: புதிய விண்ணப்பத்துக்கு எது குறுக்கே நிற்கிறது என்பதை அது சொல்லும், அறிவு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைச் சொல்லாது.

எனவே அடுத்த முறை இப்படி ஓர் எண் கண்ணில் பட்டால், எந்த நாடு, எந்தத் துறை, எந்த ஆண்டு, அதில் நட்சத்திரக் குறியுள்ளவை எத்தனை என்று கேளுங்கள்.