வாயிற்படியில் ஒரு தோழன்

ஒருவரை இழிவுபடுத்த எண்ணினால் நம் நாவில் முதலில் வந்து நிற்கும் சொல் ‘நாய்’ என்பதே. வீட்டிலே பிள்ளைகள் சண்டையிட்டாலும், சந்தையிலே பெரியவர்கள் வாய்த்தர்க்கம் செய்தாலும், அந்த வாயில்லா உயிரின் பெயர் இழுபடாமல் இருப்பதில்லை. ஆனால், அதே தமிழில்தான் நாலடியார், யானையின் நட்பையும் நாயின் நட்பையும் அருகருகே வைத்துப் பார்த்து, நாயின் நட்பே மேல் என்று தீர்ப்புக் கூறுகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் நாய் தன் தலைவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அந்நூல் காட்டும் காரணம். பேச்சிலே இழிவு, பழக்கத்திலே உயர்வு. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அது நம் வீட்டு வாயிற்படியில் படுத்திருக்கிறது.

‘ஒரு நாய் தன் வரலாறு கூறுதல்’ என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிய நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். நாய் மெய்யாகவே வாய் திறந்து தன் வரலாற்றைக் கூறுமானால், திருவண்ணாமலை மலையடிவாரத்து நாய்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. அவற்றின் சார்பில் அந்த வரலாற்றைச் சிறிது நாமே சொல்லிப் பார்ப்போம்.

மலையைச் சுற்றும் பாதையில்

திருவண்ணாமலை மலையைச் சுற்றிச் செல்லும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலா நாள்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டு அதில் நடக்கின்றனர். நகரின் சந்தடி அடங்கி, மலையின் மறுபுறம் சேரும்போது அடி அண்ணாமலை என்னும் ஊர் வருகிறது. ஆதி அண்ணாமலையார் கோயிலும், அதனருகே மாணிக்கவாசகருக்கென்று ஒரு கோயிலும் அங்கு உள்ளன. இறைவன் திருமுன் தம்மை நாய் என்றும், நாயினும் கடையவன் என்றும் திருவாசகத்தில் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டவர் அவர். அவருடைய கோயில் உள்ள ஊர் வழியாகவே, நடந்து செல்லும் அடியார்களுக்கு முன்னும் பின்னுமாக நாய்களும் போய்வருகின்றன.

இந்த மலையில் நாய்களுக்குப் பெயரும் மதிப்பும் கிடைத்தது இரமண மகரிஷியின் காலத்தில். 1879-இல் திருச்சுழியில் பிறந்த அவர், 1896-இல் பதினாறு வயது இளைஞராகத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்; 1950-இல் இறக்கும்வரை அம்மலையை விட்டு அகலவே இல்லை. விரூபாட்சி குகையிலும், பின்னர் கந்தாசிரமத்திலும், இறுதியாக மலையடிவார ஆசிரமத்திலும் அவர் வாழ்ந்தபோது, அழைப்பார் இல்லாமலே நாய்களும், குரங்குகளும், அணில்களும், மயில்களும் அவரைச் சூழ்ந்தன. அவற்றை அவர் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்றே சொல்வார். உணவு வேளையில் முதலில் நாய்களுக்கு, அடுத்து இரந்து வந்தவர்களுக்கு, அதன் பின்னரே மற்றவர்களுக்கு என்பது அவர் வகுத்த வரிசை.

கமலா என்றொரு பெண் நாய் கந்தாசிரமத்திற்குக் குட்டியாக வந்தது. ஆண்டுக்கு ஆண்டு குட்டி போட்டுத் தொல்லை தரும் என்று அங்கிருந்தோர் அதனை விரட்டிப் பார்த்தனர், அது போகவில்லை. நாளடைவில் அதுவே அவ்விடத்தின் வழிகாட்டியாயிற்று. மலைக்குப் புதிதாக ஒருவர் வந்தால், அவருக்குச் சுற்றுப்புறத்தைக் காட்டி வரும்படி மகரிஷி கமலாவிடம் சொல்வார். அதுவும் அவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு திருமேனிக்கும், ஒவ்வொரு குளத்திற்கும் கூட்டிச் சென்று திருப்பிக் கொண்டுவந்து விடும். வேண்டாமென்று விரட்டப்பட்ட உயிர், வந்தவர்க்கெல்லாம் வழிகாட்டிய விந்தையை என்னென்பது!

ஜாக்கியின் கதை வேறு. அது ஓடியாடித் திரியாது. மகரிஷியின் முன் அமைதியாக அமர்ந்திருக்கும். நோயுற்றபோது அதனை ஒதுக்கிவிடாமல், அவரே அருகிலிருந்து துப்புரவு செய்து பேணினார். அது இறந்ததும் அடக்கம் செய்து நினைவிடம் அமைத்தனர். 1948-இல் இறந்த இலட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும் எழுப்பப்பட்ட நினைவிடங்களோடு ஜாக்கியின் நினைவிடமும் ஆசிரமத்தில் இன்றும் இருக்கிறது.

நெஞ்சைச் சுடும் நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. உடனிருந்த தொண்டர் ஒருவர், ஒரு சிறு நாயை அடிப்பதாகச் சொல்லி மிரட்டினார். அது ஓடிச்சென்று அருகிலிருந்த குளத்தில் விழுந்தது; சற்று நேரத்தில் அதன் உடல் மிதந்தது. விலங்குகளுக்கும் அறிவும் தமக்கென்று ஒரு நெறியும் உண்டு, அவற்றை முரட்டுத்தனமாக நடத்தலாகாது என்று மகரிஷி அப்போது அனைவருக்கும் எடுத்துரைத்தார். வாயில்லா உயிர்தானே என்று நாம் வீசும் சொல்லும் எங்கோ ஓரிடத்தில் தைக்கிறது.

அன்பு என்னும் கைவேலை

இந்த வரலாற்றில் நம் குடும்பங்கள் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோயுற்ற நாயைத் துடைத்த அதே கைகள், நாள்தோறும் கைவேலையும் செய்தன. மகரிஷி சமையலறையில் காய் நறுக்குவார், இலை தைப்பார், கிழிந்த நூல்களுக்குக் கட்டடம் செய்வார், கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமும் கரண்டியும் ஆக்குவார்.

ஒருநாள் முள் நிறைந்த கிளை ஒன்றை எடுத்து, முள்களைச் சீவி, கணுக்களைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால் பல மணி நேரம் தேய்த்து, அழகிய ஊன்றுகோலாக ஆக்கினார். அவ்வழியே தன் கோலைத் தொலைத்துவிட்ட ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் வாட்டத்துடன் வந்தான். அவ்வளவு பாடுபட்டுச் செய்த கோலை அவர் உடனே அவனிடம் கொடுத்துவிட்டார். பலனை எதிர்பாராத செயல் எப்படி இருக்கும் என்று அன்று அவரிடம் விளக்கம் கேட்டிருந்த அன்பருக்கு, வேறு விடை தேவைப்படவில்லை.

இலை தைப்பது நம் நாட்டுப்புற இல்லங்களில் பழகிய தொழிலே. உலர்ந்த ஆலிலைகளையோ மந்தாரை இலைகளையோ வட்டமாக அடுக்கி, ஈர்க்குத் துண்டுகளால் ஒன்றோடொன்று கோத்துத் தைப்பார்கள். அவசரக்காரர் தைத்த இலை சோற்றின் சூட்டிலேயே பிரிந்துவிடும். பொறுமையாகத் தைத்தது குழம்பையும் தாங்கும். அந்த இலையில் வீட்டார் உண்டு முடித்தபின் ஒட்டியிருக்கும் மிச்சந்தான் நம் ஊர்களில் நாய்க்குரிய பங்கு. மலையடிவாரத்திலோ முதற்பங்கு நாய்க்குக் கிடைத்தது.

கைவேலைக்கு வேண்டிய பொறுமைதான் உயிர்களைப் பேணவும் வேண்டும். “ஐயோ பாவம்” என்று சொல்வது எளிது. புண்ணைக் கழுவுவதும், தண்ணீர்ச் சட்டியை நிரப்புவதும், மருத்துவரிடம் கொண்டுசெல்வதும் கை செய்யவேண்டிய வேலைகள். அன்பு நெஞ்சில் பிறக்கலாம். அது வளர்வது கைகளில்தான்.

மறைநூலில் வரும் நாய்

நம் மறைநூலிலும் நாய்க்கு இடமுண்டு. தோபித்து நூலில், இளைஞன் தோபியா தொலைநாட்டுக்குப் புறப்படும்போது, இரபேல் வானதூதர் ஒருபுறம் துணைவர, வீட்டு நாயும் பின்தொடர்கிறது. திரும்பி வரும்போதும் அது உடன்வருகிறது. அது எந்த அருஞ்செயலும் செய்வதாகச் சொல்லப்படவில்லை. உடன்சென்றது, உடன்வந்தது, அவ்வளவே. வானதூதர் நடந்த வழியில் நாயும் நடந்தது என்பதை மறைநூலாசிரியர் எழுத மறக்கவில்லை. செல்வன் வீட்டு வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நக்கியவையும் நாய்களே. உள்ளே விருந்துண்டவன் கண்ணில் படாத ஏழை, தெருநாய்களின் கண்ணில் பட்டான்!

நம் ஊர்களில் புனித ஆரோக்கியநாதர் எனப் போற்றப்படும் புனித ரோக்கு, பிரான்சு நாட்டின் மோன்பெல்லியே நகரில் பிறந்தவர். இத்தாலியில் கொள்ளைநோயாளரிடையே பணிபுரிந்து, தாமும் நோயுற்றுக் காட்டில் ஒதுங்கிக் கிடந்தபோது, ஒரு நாய் நாள்தோறும் அவருக்கு அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்பது வழிவழி வந்த வரலாறு. தொடையில் புண்ணோடு நிற்கும் அவருடைய உருவத்தின் காலடியில், வாயில் அப்பத்துடன் அந்த நாயைக் காணலாம். ஆகஸ்டு 16-ஆம் நாள் அவருடைய திருவிழா. மனிதர் அஞ்சி விலகிய இடத்திற்கு நாய் அஞ்சாமல் சென்றது என்பதை நம் பிள்ளைகளுக்கு அன்று எடுத்துச் சொல்லலாம்.

அன்பும் விழிப்பும்

இவ்வாறெல்லாம் எழுதுவதால், நாய்க்கடியின் கொடுமையை நாம் மறந்துவிட்டோம் என்று எவரும் எண்ணவேண்டாம். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக மரணமே முடிவு. அதற்கு இரையாவோரில் சிறுவர் மிகுதி. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் அளித்த தடுப்பு மருந்து அவனைப் பிழைக்க வைத்தது. நம் மாநிலத்தில் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் பெயரால் நிலையம் இயங்கி வருகிறது. தடுக்க வழியிருந்தும் உயிர்கள் போவது அறியாமையாலும் காலத்தாழ்வாலுமே.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இவற்றை மனத்தில் இருத்துவது நல்லது. நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சொல்லும் நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அந்தப் பழைய மருந்து வழக்கொழிந்து ஆண்டுகள் பலவாயின. இப்போதைய ஊசி கையில் போடப்படுவது, எண்ணிக்கையிலும் குறைவு. அடி வாங்க அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைப்பதும் உண்டு. “எதுவானாலும் எங்களிடம் சொல்” என்னும் துணிவைப் பெற்றோர் முன்னரே ஊட்டியிருக்கவேண்டும்.

நாயின் பங்கிலும் கடமைகள் உள. குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலங்களில் தொடரவேண்டும். குட்டிகளைப் பேண இயலாதவர் கருத்தடை செய்துவிடுவதே கருணை. சாக்கில் கட்டி ஊர்ப்புறத்தில் விட்டுவருவது பாவம். அவ்வாறு விடப்பட்ட குட்டிகளே நாளைய தெருநாய்கள். தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்குக் கொண்டுசெல்லும்படி 2025 ஆகஸ்டு 11-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்டு 22-இல் அதனை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோயுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்று கூறியது. குழந்தையின் உயிரும் பெரிது, நாயின் உயிரும் உயிரே. இரண்டையும் காக்கும் வழி ஊசிமருந்தில் இருக்கிறது. கல்லெறிவது இரண்டையும் காக்காது.

வீட்டில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் ஒன்று செய்து பார்க்கலாம். அதற்கு உணவு வைப்பதையும், தண்ணீர் மாற்றுவதையும், ஊசிபோடும் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதையும் பிள்ளைகளிடம் முறைவைத்து ஒப்படையுங்கள். நாய் வளர்க்காதவர்கள் வாயிற்புறத்தில் ஒரு சட்டி தண்ணீராவது வைக்கலாம். கோடையில் அதுவே பேருதவி. தனக்கு நன்றி சொல்லத் தெரியாத ஓர் உயிரின் பசியை வேளை தவறாமல் நினைவில் வைக்கப் பழகும் பிள்ளை, நாளை முதுமையில் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் தாய்தந்தையரின் பசியையும் நினைவில் வைக்கும்.