‘ஆர்வமின்மை’ என்றொரு சொல்: முதியோர் கல்வியும் கற்பிப்பவரின் வாசிப்பும்

முதியோர் கல்வி அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘ஆர்வமின்மை’. கற்போர் வரவில்லை, வந்தவர்கள் நிற்கவில்லை, காரணம் ஆர்வமின்மை. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளித் தொண்டனாக இருந்தபோது நானும் இந்தச் சொல்லை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று யோசிக்கையில், அது கற்போரைப் பற்றிய தகவலே அல்ல, கற்பிப்பவரின் அதிகாரம் தன்னை மறைத்துக்கொள்ள எழுதிக்கொண்ட பிரதி என்று படுகிறது. சின்னப் பிள்ளை வகுப்பை விட்டு ஓடினால் இழுத்து வரலாம், அடிக்கலாம் (நம் பள்ளிகள் வெகுகாலம் செய்தது அதைத்தானே). வளர்ந்தவரை அப்படிச் செய்ய முடியாது. அவர் எழுந்து போவது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை வாசிக்கத் தெரியாதவர் எத்தனை ‘ஊக்கப்படுத்தும் உத்தி’ கற்றாலும் பயனில்லை.

1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் எழுத்தறிவை அளந்து சொன்னது. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும், சொல்லச் சொல்ல 5 சொல் எழுத வேண்டும், 100 வரை எண் தெரிய வேண்டும். இதற்கு மூன்று பாடநூல், சுமார் 200 மணி நேரம். (29 சொல் வாசிப்பவர் யார் என்று அப்போது எங்களில் யாரும் கேட்கவில்லை.) எல்லோரும் வந்து சேர வேண்டிய இடத்தை இந்த அளவுகோல் சொன்னது. யார் எங்கிருந்து கிளம்புகிறார் என்பது அதில் இல்லை. அதைச் சொல்லக் கூடியவர் எதிரே உட்கார்ந்திருந்தவர் மட்டும்தான்.

என் வகுப்பில் பதினைந்து பெண்கள். பெரும்பாலோர் பகலெல்லாம் கல்குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு, உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். ‘கற்போர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவர்களை அடைத்துவிட்டதுதான் முதல் பிழை. ஒருவருக்கு வேண்டியிருந்தது கையெழுத்து, அது மட்டும்தான். “ரேகை வைக்கிறப்ப அந்த ஆளு வெரலப் புடிச்சு அமுக்குறான் தம்பி. அவன் கை எம்மேல படக்கூடாது. அதுக்குத்தான் வந்தேன்” என்றார். மூன்று வாரத்தில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு நின்றுவிட்டார். என் அறிக்கையில் அவர் இடைநின்றவர். அவர் கணக்கிலோ வந்த வேலையை முடித்துக்கொண்டு போனவர்.

இன்னொருவர் ஒண்ணு, ரெண்டு பாடம் வந்ததுமே கொட்டாவி விட்டார். சோம்பல் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நூற்றுக்கு மூணு வட்டியில் ஏழு மாதத்துக்கு எவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடக் கூடியவர் அவர். அவருக்கு எண் தெரியும், எண்ணின் வடிவம்தான் தெரியாது. கணக்கு நோட்டில் தன் பெயருக்கு நேரே எத்தனை லோடு எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் தேவை. பத்துக்குள் அடங்கும் குறிகளை ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டார். அவர் கொட்டாவி அவமானத்துக்கு அவர் தந்த நாகரிகமான பதில்.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளுக்காக வந்தாள், ஒளிக்காமல் அப்படியே சொன்னாள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை இயக்கத்தின் பகுதியாக்கியிருந்தார். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள், பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே, ஓட்டப் பழகினார்கள். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. பஸ் வராத ஊரில் அப்பனையோ புருஷனையோ கேட்காமல் கிளம்ப முடிகிறவளுக்குத்தான் பஸ் பலகையும் ஆஸ்பத்திரிப் பலகையும் வாசிக்க வேண்டிய எழுத்தாகின்றன. இடம்பெயர முடியாதவள் எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

ஆனால் எல்லாவற்றையும் தனிமனிதத் தேவையாகக் கரைத்துவிட முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களில் பரப்பிய முதியோர் கற்பித்தல் கோட்பாடு, வளர்ந்தவர் தன் அனுபவத்திலிருந்தும் தேவையிலிருந்தும் கற்கிறார் என்றது. சரிதான். ஆனால் அந்த வளர்ந்தவருக்குச் சாதி இல்லை. எங்கள் வகுப்பு முதலில் கோயிலையொட்டிய திண்ணையில் நடந்தது. சேரியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ‘ஆர்வமின்மை’ என்று நான் எழுதியது அந்த வாரம்தான். வகுப்பைச் சேரியின் தெருவிளக்குக்கு அடியில் மாற்றியபோது முப்பது பேர் வந்தார்கள், ஊர்ப் பெண்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு வகுப்பாக நடத்தினோம். அதைத் தீர்வு என்று சொல்லமாட்டேன். எழுத்தைக் கொடுக்கப் போய் ஊரின் வரைபடத்தை அப்படியே நகலெடுத்தோம்.

பாவ்லோ ஃப்ரெய்ரேயை இந்த இடத்தில் அழைப்பது நம் வழக்கம். 1963இல் வடகிழக்குப் பிரேசிலின் அங்கிகோஸில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்றவர். ஆசிரியர் போடுவார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்வார் என்ற வங்கிமுறைக் கல்வியை மறுத்தவர். மக்களின் பேச்சிலிருந்தே சொல்லை எடுத்தார். செங்கல்லைக் குறிக்கும் ‘டிஜோலோ’வை மூன்று அசையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ட-டெ-டி என்று குடும்பம் அமைத்தார். ப-பா-பி-பீ வரிசை கொண்ட நமக்கு இது அந்நியமல்ல. ‘கூலி’யைப் பிரித்தால் ‘காலி’ வரும், ‘கோலி’ வரும், ‘கேலி’யும் வரும். அந்த ராத்திரி வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் ஃப்ரெய்ரே நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு 1985 வரை வாக்குரிமை கிடையாது. ஆகவே அங்கே எழுத்து நேரடியாக ஓட்டு. 1964 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் அவரைச் சிறையில் வைத்து நாட்டைவிட்டே போக வைத்ததில் ஆச்சரியமில்லை. இங்கே 1951-52 முதல் தேர்தலிலேயே சின்னம் பார்த்து எல்லோரும் ஓட்டுப் போட்டாயிற்று. குடியுரிமையைக் காட்டி அழைத்தால் “நாங்கதான் ஓட்டுப் போடுறமே” என்பார்கள்.

இரண்டாவது, மொழி. கினி பிசாவ்வில் 1975க்குப் பின் ஃப்ரெய்ரே பங்கேற்ற எழுத்தறிவுத் திட்டம் பெரும்பாலோர் பேசாத போர்த்துக்கீசிய மொழியில் நடந்து தோற்றது. நமக்கென்ன, தமிழருக்குத் தமிழில்தானே சொல்லித் தருகிறோம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் அட்டையில் ‘கிணறு’ என்று எழுதிக் காட்டினேன். ஓர் அக்கா எழுத்தெழுத்தாகக் கூட்டி, முகம் மலர்ந்து, “கெணறு” என்றார். “கெணறு இல்லக்கா, கிணறு” என்றேன். இன்னொரு முறை கேட்டார், இன்னொரு முறை திருத்தினேன். நான்கு நாள் அவர் வரவில்லை.

என்ன நடந்தது? அவர் வாசித்துவிட்டார். குறியைப் பார்த்தார், பொருளைப் பிடித்தார், தன் நாக்கால் சொன்னார். வாசிப்பு என்பது அதுதான். நான் சோதித்ததோ வாசிப்பை அல்ல, அவர் நாக்கை. இத்தனைக்கும் என் வீட்டில் நானும் கெணறுதான். எழுத்துத் தமிழ் யார் வாயிலும் முழுசாக இல்லாத ஒன்று, அதைப் பள்ளிக்கூடம் போனவர்களின் சொத்தாக ஆக்கி வைத்திருக்கிறோம். ‘நீங்கள் சொன்னது சரி, எழுதும்போது மட்டும் இப்படி எழுதுகிற பழக்கம்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய் அதைத்தான் சொன்னேன். “அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?” என்றார்.

2022-27 காலத்துக்கான புதிய எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வருகிறார்கள். 15 முதல் 35 வரை என்று இலக்கு வைத்திருந்த அந்தக் காலத்தோடு பார்த்தால் இது நல்ல மாற்றம். எங்கள் வகுப்பில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்த அறுபது வயதுக் கிழவி எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆனால் தேர்வு உண்டு, 150 மதிப்பெண். இன்று தொண்டராகப் போகிற இளைஞர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். முதல் நாள் பாடநூலைத் திறக்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாததால் போன மாசம் எங்கே மாட்டிக்கிட்டீங்க என்று கேளுங்கள், தனித்தனியாக. எல்லோர் முன்னாலும் கேட்டால் பதில் வராது. ஒருவர் பேங்கிலிருந்து செல்போனுக்கு வரும் செய்தி என்பார், ஒருவர் அடகுச் சீட்டு என்பார், ஒருவர் ஒன்றுமில்லை என்பார். அந்த ஒன்றுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய நாளாகும்.

புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று 1992இல் அறிவித்தார்கள். எங்கள் வகுப்பு அதற்குப் பின் கலைந்தது. சில மாதம் கழித்து அந்தக் கையெழுத்து அக்கா ஒரு வெள்ளைத்தாளோடு வீட்டுக்கு வந்தார். கூலி பாக்கிக்காகக் கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். “நீ எழுத வேணாம் தம்பி. நான் எழுதுறேன். எழுத்து மட்டும் சொல்லு” என்றார். முடிக்க ராத்திரி பத்தரை ஆனது.