புடாபெஸ்ட்டில் ஒலித்த திருவாசகம்

தா.பழூருக்குப் பக்கத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில், 2025 ஜூலை 27 அன்று, ஆடித் திருவாதிரை விழாவில் இளையராஜாவின் திருவாசக இசை நிகழ்ச்சி நடந்தது. அந்த இசைக்கு 20 ஆண்டுக் கதை உண்டு.

மாணிக்கவாசகரின் திருவாசகப் பாடல்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மேற்கத்திய சிம்பொனி வாத்தியக் குழுவுக்கு இசை எழுதினார் இளையராஜா. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் ஒலிப்பதிவு. அங்கே வயலின் பிடித்தவர்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பது மேற்கத்திய இசைக்குறிப்பாகத் தாளில் இருந்தது. பார்த்தார்கள், வாசித்தார்கள்.

2005 ஜூன் 30 அன்று சென்னையில் ஆல்பம் வெளியானது. மொத்தமே ஆறு பாடல்கள். அவற்றில் 'பொல்லா வினையேன்' மட்டும் கிட்டத்தட்ட 20 நிமிடம்! இளையராஜாவே பாடுகிறார். நடுநடுவே சேர்ந்திசைக் குழு ஆங்கிலத்தில் குரல் கொடுக்கிறது. அந்த ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். இத்தனை பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு நடுவிலும் தமிழ்ச் சொல் ஒன்றுகூட அமுங்கிப் போகவில்லை. இந்த ஆல்பத்தின் பெருமையே அதுதான் என்பேன்.

ஓதுவார் பாடிக் கேட்ட திருவாசகம் நமக்குப் பழக்கம். இதையும் ஒருமுறை, வேலையெல்லாம் முடித்துவிட்டு, முழுதாக உட்கார்ந்து கேளுங்கள்.