மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஒரு நாள் தவறினால் விளக்கெண்ணெயைத் தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில், நாளுக்கு 3 முறை முதல் வாரத்துக்கு 3 முறை வரை எல்லாமே இயல்புதான். சிரமமில்லாமல் போனால் சரி.

மலச்சிக்கலுக்கு நம் அவசரமும் ஒரு காரணம். காலை உணவுக்குப் பின் பெருங்குடல் தானாகவே சுறுசுறுப்பாகும். அந்த நேரத்தில் எம்ஆர்டி பிடிக்க ஓடுகிறோம். உணர்வை அடக்கி அடக்கி, நாளடைவில் அது வருவதே குறைந்துவிடும். பத்து நிமிடம் முன்னதாக எழுந்து பாருங்கள். தண்ணீர், கீரை, கொய்யா, நடை ஆகியவையும் உதவும்.

எண்ணிக்கையைவிட மாற்றத்தைக் கவனியுங்கள். உங்கள் வழக்கம் மாறி 3 வாரம் நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, அது தார்போல் கறுத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். "மூலம்தான்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

50 வயதான சிங்கப்பூரர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் அதற்கான தொகுப்பை இலவசமாகத் தருகிறது. மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் அறிகுறி உள்ளவர்கள் அதற்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.