தேறும் வண்டி, நிற்கும் வண்டி

திருத்தங்கல் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பதினைந்து வயதை நெருங்கும் மாருதி ஆம்னி ஒன்று மலிவாக வருகிறதாம். ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். "தேறுமா, நம்பி வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தேறிவிடும். நம் மாவட்டத்து எண் தாங்கிய ஆம்னிகளில், காட்டப் போய் அப்படியே காயலான் கடைக்குப் போனதாக ஒன்றையும் நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டாவது கேள்விதான் வில்லங்கம்.

சொந்த உபயோகத்துக்கான காரைச் சட்டம் முதல் 15 ஆண்டுக்கு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒரு தடவை. அதே ஆம்னி மஞ்சள் போர்டு மாட்டி ஆலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடினால், 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். போர்டின் நிறம் பிரேக் ஷூவுக்குத் தெரியுமா என்ன? பழைய காரை ஒழிக்க அரசு நம்புவது கட்டணத்தை. 15 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்றிருந்தது. 20 வயது தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். பணம் கட்டிய வண்டிக்கு பிரேக் கூடுதலாகப் பிடித்துவிடாது.

எஃப்.சி. தேதி நெருங்கினால் பட்டறையில் நடப்பது ஊரறிந்த விஷயம். துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி பெயிண்ட் அடிப்பார்கள். மொட்டை டயரைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள். ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்ப்பார். கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் அடிக்கச் சொல்வார். வண்டி நிற்கும். சான்று கிடைக்கும். மறுநாள் இரவல் டயர் சொந்தக்காரரிடம் போய்ச் சேரும்.

இப்படிக் கண்ணுக்கும் காலுக்கும் தப்புகிற கோளாறைப் பிடிக்க ஓர் இயந்திரம் இருக்கிறது. பரிசோதனைக் கருவிகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: ரோலர் பிரேக் டெஸ்டர். தரையோடு தரையாகப் பதித்த உருளைகள். இடது சக்கரத்துக்கு ஒரு ஜோடி, வலதுக்கு ஒரு ஜோடி. வண்டியை ஏற்றி நியூட்ரலில் விட்டால், மோட்டார் உருளையைச் சுற்ற, உருளை சக்கரத்தைச் சுற்றும். மணிக்கு 5 கிலோமீட்டர் போல மெதுவான வேகம்தான். வண்டி இருந்த இடத்தில் இருக்கும், சக்கரம் மட்டும் ஓடும். இப்போது பிரேக்கை மெல்ல அழுத்தினால் சக்கரம் உருளையை முரண்டு பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த முரண்டு எவ்வளவு என்பதை இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகத் திரை காட்டிவிடும்.

ரோட்டில் நன்றாக நிற்கிற வண்டிகூட இதில் தோற்கும் என்பதுதான் வேடிக்கை. நான்கு சக்கரமும் சேர்ந்து வண்டியை நிறுத்துகின்றன. ஒன்று சோம்பினால் மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். டவுனுக்குள் 30-ல் போகும்போது ஓட்டுகிறவர் காலுக்கு எதுவும் தெரியாது. மழை நாளில், நான்குவழிச் சாலையில் 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே மாடு வந்தால் தெரியும். மிதித்த மாத்திரத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் ஆஃப்செட் அச்சகம் இருந்தது. உருளையின் அழுத்தம் இரண்டு முனையிலும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் காலண்டர் லட்சுமிக்கு ஒரு கன்னம் சிவந்து, மறு கன்னம் வெளுத்து அச்சாகும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தால்தான் குட்டு வெளிப்படும். பிரேக்குக்கு அந்த வெளிச்சம் இந்த உருளை. பிரிட்டனில், முன்சக்கரங்களில் ஒன்றின் பிடிப்பு மற்றதைவிட 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வண்டி தேறாது.

ஒரு சக்கரம் ஏன் சோம்புகிறது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் வீல் சிலிண்டருக்குள் துரு ஏறி பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டியைவிட ஷெட்டிலேயே கிடந்த வண்டிக்குத்தான் இந்த வியாதி அதிகம். ‘வீட்டு வண்டி சார், ஓடவே இல்லை’ என்று புரோக்கர் சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆம்னியின் பின்சக்கர டிரம் வட்டம் கெட்டு ஓவலாகியிருந்தால் அதையும் இந்த உருளை விடாது. திரையில் அளவு ஏறி ஏறி இறங்கும்.

நம் கரிசல் பூமிக்கு ஓர் அனுகூலம் உண்டு. தூத்துக்குடியின் உப்புக் காற்று இங்கே கிடையாது, தகரம் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. ஆனால் வெயில் ரப்பரைத் தின்றுவிடும். டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது விதி. பட்டன் நிறைய இருந்தும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட கிழட்டு டயர்கள் ஏராளம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

சான்று இருந்தால் போதும் என்பவர்கள் 2012 ஜூலையை மறந்தவர்கள். சென்னைப் புறநகரில், தாம்பரம் பக்கம், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. பள்ளி வண்டிகளுக்குத் தனி விதிகள் அதன்பிறகுதான் வந்தன.

விபத்துக்குப் பிறகே பரிசோதனை பிறப்பது உலக வழக்கம்தான். 1865-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஒரு மது ஆலையின் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே அங்கே கொதிகலன் வைத்திருந்த முதலாளிகள் கூடிப் பரிசோதனைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று ஜெர்மானியக் கார்களைச் சோதிக்கும் டியூவ் அமைப்புகள் அந்த வழியில் வந்தவை. வெடிப்பு என்றால் என்ன என்று சிவகாசிக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டாசு போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியின் சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. புகையோடு பறந்து வரும் கனன்ற கரித்துகளை உள்ளேயே பிடித்து அணைக்கிற சாதனம் அது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் இருப்பது தெரியும். உள்ளே கரி அடைத்துக் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

பிரிட்டனில் 1960-ல் பரிசோதனை தொடங்கியபோது 10 வயது தாண்டிய வண்டிக்கு மட்டும்தான். தோற்ற வண்டிகளின் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, 1967-க்குள் அந்த வயதை 3-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்த மாடல், எந்த வயதில், எதனால் தோற்கிறது என்ற விவரத்தையும் அங்கே வெளியிடுகிறார்கள். முதலிடம் பெரும்பாலும் விளக்குகளுக்குத்தான்; சஸ்பென்ஷன், பிரேக், டயர் எல்லாம் பின்னால் வருகின்றன. பழைய கார் வாங்க நினைக்கும் அந்த ஊர்க்காரர் புரோக்கரின் வாயைப் பார்க்க வேண்டியதில்லை.

இங்கேயும் இது முடியாத காரியமில்லை. தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு 2021 செப்டம்பரில் விதி வகுத்தது. ரோலர் காட்டும் அளவு மனிதக் கை படாமல் நேரே கணினிக்குப் போக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த விவரங்களிலிருந்து சொந்தக்காரர் பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டு, மாடல், வயது, எதில் தோற்றது என்பதை மட்டும் போக்குவரத்துத் துறை ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட வேண்டும். வெள்ளை போர்டு காரையும் 15 வயது வரை காத்திராமல் 8 வயதிலேயே ஒரு தடவை உருளையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.