யெர்பியின் வழக்கு

ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, எழுத்தாற்றலும் வாய்க்கப்பெற்ற ஒருவன், அவ்வாற்றலை யாருக்காகச் செலவிடக் கடமைப்பட்டவன்? தன் மக்களின் குறைகளை உலகறிய எடுத்துரைப்பதற்காகவா? அன்றி, ஏனைய எழுத்தாளரைப் போலவே தன் மனம் விரும்பியவாறு கதை புனைந்து, பொருளும் புகழும் ஈட்டிக்கொள்ள அவனுக்கும் உரிமை உண்டா? பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் இக்கேள்விக்கு ஒரே மூச்சில் விடையளித்துவிடுவது வழக்கம். ஆனால் அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் பிராங்க் யெர்பியின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு, அவ்விடை அத்துணை எளிதன்று என்பது விளங்கும்.

1916-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, ஜார்ஜியா மாகாணத்து அகஸ்டா நகரில் யெர்பி பிறந்தார். தந்தையார், ஓட்டல் வாயிலில் நின்று விருந்தினருக்குக் கதவு திறந்துவிடும் ஊழியர். தாயார் வழியில் வெள்ளையர் இரத்தமும் கலந்த குடும்பம் அது. ஆயினும் தென் மாகாணங்களின் அந்நாளைய வழக்கம் இத்தகைய வமிசக் கணக்குகளையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆப்பிரிக்க இரத்தம் ஒரு துளி இருப்பினும் அவன் கறுப்பனே. அவனுக்குப் பள்ளிக்கூடம் வேறு, ரயில் வண்டி வேறு, குடிநீர்க் குழாய் வேறு. வாக்குரிமை ஏட்டில் இருந்தது, நாட்டில் இல்லை.

லூசி லேனி என்ற கறுப்பினப் பெருமாட்டியார் அந்நகரில் நிறுவிய ஹெயின்ஸ் பள்ளியில் யெர்பி பயின்றார். 1937-ல் பெயின் கல்லூரியில் பி.ஏ. பட்டமும், மறு வருஷம் பிஸ்க் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். பின்னர் சிகாகோ நகரில் மேற்படிப்பைத் தொடங்கிய காலத்தில், வேலையற்ற எழுத்தாளருக்கு ஜீவனம் அளிப்பதற்காக ரூஸ்வெல்ட் சர்க்கார் ஏற்படுத்தியிருந்த திட்டத்தில் சிலகாலம் பணிபுரிந்தார். கறுப்பு மாணவருக்கென ஏற்பட்ட இரண்டு கல்லூரிகளில் உபாத்தியாயராகவும் இருந்தார். யுத்தம் மூண்டதும் கல்லூரியை விட்டு, டியர்பார்ன் நகரிலுள்ள போர்டு மோட்டார் தொழிற்சாலையிலும், அதன்பின் நியூயார்க்கில் விமானத் தொழிற்சாலை ஒன்றிலும் உழைத்தார். பகலில் இயந்திரம், இரவில் பேனா என்று நாட்கள் கழிந்தன.

அந்நாட்களில் அவர் எழுதிய சிறுகதை ஒன்று 1944-ல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. ‘ஹெல்த் கார்டு’, அதாவது சுகாதார அட்டை, என்பது அதன் பெயர். தென் மாகாணத்து ராணுவ முகாமொன்றில் பணிபுரியும் கறுப்பினச் சிப்பாயைக் காண அவன் மனைவி வருகிறாள். அவளைத் தடுத்து நிறுத்தும் ராணுவப் போலீஸார், விலைமாதர் வைத்திருக்க வேண்டிய வைத்திய அட்டையை அவளிடம் கேட்கின்றனர். கறுப்புப் பெண் ஒருத்தி சிப்பாயுடன் நடந்தால் அவள் வேறு யாராக இருக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம்! ஜனநாயகத்தைக் காக்க யுத்தம் புரிவதாகப் பறைசாற்றிய ஒரு தேசம், தன் சிப்பாயின் மனைவிக்கு அளித்த மரியாதை இதுவே என்று யெர்பி கூறாமற் கூறினார். சிறந்த முதற்கதைக்கான ஓ. ஹென்றி பரிசு அதற்குக் கிடைத்தது.

பரிசு கிடைத்தது, ஆனால் அதே உணர்ச்சியுடன் அவர் எழுதியிருந்த நாவலை வெளியிடப் பிரசுரகர்த்தர் எவரும் முன்வரவில்லை. இங்கேதான் யெர்பியின் வாழ்க்கை திசை திரும்புகிறது. பெருவாரியான ஜனங்கள் விரும்பி வாங்கும் நாவல்களை அவர் பாடம் படிப்பதுபோல் ஆராய்ந்தார். காதல், வீரம், சூதாட்டம், பழைய காலத்து மாளிகைகள் ஆகிய இவற்றைக் கொண்டு 1946-ல் ‘தி பாக்ஸஸ் ஆப் ஹாரோ’ என்ற நாவலை வெளியிட்டார். 1825-ல் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்துசேரும் ஐரிஷ் சூதாடி ஒருவன் பெரும் பண்ணைக்கு அதிபதியாகும் கதை அது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. ஹாலிவுட் நிறுவனம் அதை விலைக்கு வாங்கி 1947-ல் படமாக வெளியிட்டது. ஆப்பிரிக்க வமிசத்தவர் எழுதிய நாவலுக்கு அமெரிக்காவில் இத்தகைய வெற்றி அதற்குமுன் வாய்த்ததில்லை.

அதன்பின் 1962 வரையில், வருஷந்தோறும் ஒரு நாவலேனும் தவறாமல் வெளிவந்தது. ஆயுட்காலத்தில் அவர் எழுதிய நாவல்கள் 33; உலக முழுவதும் விற்ற பிரதிகள் 5 கோடிக்கு மேற்பட்டவை என்று கணக்கிடுவர். பெரும்பாலானவற்றில் நாயகன் வெள்ளையன், நாயகியும் வெள்ளைமாது. நூலைக் கையிலேந்திய வாசகருட் பலர், எழுதியவர் கறுப்பர் என்பதையே அறிந்திலர். தெருவில் அவரைக் கண்டால் விலகிச் செல்லக்கூடிய சீமாட்டிகள், அவர் புனைந்த காதற்கதைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்கினர் என்றால் அது மிகையாகாது.

அவர் மீது சாட்டப்பட்ட குற்றம் யாதெனில், தம் மக்களைக் கைவிட்டுப் பணத்துக்கு விலைபோனார் என்பதே. மலிவுக் கதைகளின் இளவரசர் என்று விமர்சகர் ராபர்ட் போன் அவரை இகழ்ந்தார். யெர்பியும் தம்மேல் எய்த அம்புக்குத் தாமே கூர் தீட்டிக் கொடுத்தார். அரசியல், சமயம், இனம் பற்றிய தம் சொந்த எண்ணங்களை வாசகர்மீது சுமத்த நாவலாசிரியனுக்கு உரிமையில்லை என்ற கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார். 1952-ல் தாய்நாட்டை விட்டு பிரான்ஸுக்குச் சென்று, 1955-ல் ஸ்பெயினில் குடியேறினார். அதே 1955 டிசம்பரில்தான், மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பு ஜனங்கள் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்து, கால்நடையாகவே வேலைக்குச் சென்று, உலகை வியக்கச் செய்த போராட்டத்தைத் தொடங்கினர். சகோதரர்கள் நடந்துகொண்டிருந்தபோது அவர் மாட்ரிடில் உட்கார்ந்து காதற்கதை எழுதிக்கொண்டிருந்தார் என்பது எதிர்வாதிகளின் கட்சி.

நிற்க. மறுபக்கத்தையும் கேட்பதே நீதி. முதலாவதாக, யெர்பி எதிர்ப்பு நாவல் எழுதாமலில்லை. எழுதினார், கதவு அடைக்கப்பட்டது. ரிச்சர்ட் ரைட் 1940-ல் ‘நேட்டிவ் சன்’ நாவலை வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டாரே என்று கேட்கலாம். ஒருவர் நுழைந்த வாயில் மற்றெல்லோருக்கும் திறந்திருந்தது என்று கொள்வது நியாயமன்று. தொழிற்சாலையில் உழைத்துக் குடும்பத்தைப் போஷித்துக்கொண்டு, அச்சேறாத கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் வைத்துக் காத்திருக்குமாறு ஒருவருக்கு உபதேசிப்பது எளிது, காத்திருப்பது எளிதன்று.

இரண்டாவதாக, அந்த மலிவுக் கதைகளுக்குள்ளே இருப்பதைச் சற்று உற்று நோக்க வேண்டும். யெர்பி பிறந்த அதே ஜார்ஜியாவில் பிறந்த மார்கரெட் மிட்செல் 1936-ல் வெளியிட்ட ‘கான் வித் தி விண்ட்’, பண்ணை முதலாளிகளின் பழைய உலகை இழந்துபோன சொர்க்கமாகச் சித்திரித்தது. யெர்பியோ அதே மாளிகைகளையும் அதே நடன விருந்துகளையும் காட்டி, அவற்றின் அஸ்திவாரத்தையும் தோண்டிக் காட்டினார். உயர்குலம் என்று மார்தட்டுவோரின் மூதாதை, அவர் கதையில், சூதாடியாகவும் வஞ்சகனாகவும் இருப்பான். பண்ணையின் ஐசுவரியம் அடிமையின் முதுகிலிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ‘பேர்ஓக்ஸ்’ நாவலில் அடிமை வியாபாரம் வருகிறது. ‘கிரிபின்ஸ் வே’ நாவலில், உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் மிஸிஸிப்பியில் விடுதலை பெற்ற கறுப்பர்மீது ஏவப்பட்ட கொடுமைகள் வருகின்றன. கண்டன நூல் என்றால் கையாலும் தொடாத லட்சக்கணக்கான வெள்ளையர், காதற்கதை என்று நினைத்து இவற்றைப் படித்தனர். மேடைப் பிரசங்கம் எட்டாத வீடுகளுக்குள் இக்கதைகள் புகுந்தன.

ஆயினும் இவ்வாதத்தால் வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். மனச்சாட்சி முழுவதும் நிம்மதியாயிருந்திருந்தால், 1969-க்குப் பின் யெர்பி வேறு வழி நாடியிருக்க வேண்டியதில்லை. அவ்வருஷம் வெளிவந்த ‘ஸ்பீக் நவ்’ நாவலில்தான் முதன்முதலாகக் கறுப்பர் ஒருவரை நாயகராக்கினார். 1971-ல் ‘தி டஹோமியன்’ வெளிவந்தது. அவர் நூல்களுள் தலைசிறந்தது இதுவே என்பது விமர்சகர் பலருடைய முடிவு.

இன்று பெனின் என வழங்கும் நாட்டின் தென்பகுதியில் டஹோமி என்ற பலம் பொருந்திய ராஜ்யம் இருந்தது. ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மானிடவியல் அறிஞர் 1938-ல் அதைக் குறித்து வெளியிட்ட பெருநூலை ஆதாரமாகக் கொண்டு, யெர்பி தம் கதையை அமைத்தார். கிராமத் தலைவனின் மகன் நியாசானு போர்வீரனாகிறான், மாகாண அதிபதியாக உயர்கிறான், இறுதியில் வஞ்சிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். அடிமைக் கப்பலில் ஏறியவன் பெயரற்ற மிருகமல்லன், சட்டமும் சமயமும் குடும்ப மரியாதையும் உடைய ஒரு நாகரிகத்தின் புதல்வன் என்பதை இந்நூல் காட்டுகிறது. அதே சமயம், அந்த ராஜ்யமே மனிதரைப் பிடித்து விற்றது என்ற கசப்பான உண்மையையும் அவர் மறைக்கவில்லை. தம் மூதாதையரைத் தேவர்களாக்கவில்லை, மனிதர்களாக்கினார். அதுவே பெரிய மரியாதை.

ஆனால் நடந்தது என்ன? ஐரிஷ் சூதாடியின் கதைக்குக் கிடைத்த வாசகர் கூட்டம் நியாசானுவின் கதைக்குக் கிடைக்கவில்லை. யெர்பி மேலும் எழுதினார்; 1985-ல் இறுதி நாவல் வெளிவந்தது. 1991-ம் வருஷம் நவம்பர் 29-ம் தேதி மாட்ரிடில் காலமானார். தம் மரணத்தைச் சில வாரங்கள் வரை வெளியிட வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டதால், செய்தி 1992 ஜனவரியில்தான் உலகுக்கு எட்டியது. நிறம் அறியப்படாமல் புகழ்பெற்றவர், நாள் அறியப்படாமல் மறைந்தார்.

நம்முடைய தீர்ப்பு இதுதான். யெர்பி துரோகியல்லர். தம்முடைய மிகச் சிறந்த நூலை ஐம்பத்தைந்தாம் பிராயம் வரை ஒத்திவைத்தவர் என்பது மட்டும் உண்மை. அந்த நஷ்டம் அவருக்கும் அவர் மக்களுக்கும் பொதுவானது. ஆனால் குற்றப் பத்திரிகையில் முதற்பெயர் அவருடையதாக இருக்கலாகாது. கறுப்பரின் பேனாவை வேண்டி, கறுப்பரின் துயரத்தை வேண்டாவென்று தள்ளிய பிரசுரகர்த்தரும் அவர்களுடைய சந்தையும் முதலில் கூண்டில் ஏறட்டும்.

அடுத்தபடியாக, எழுத்தாளனின் கடமையைப் பற்றி ஓயாது பேசும் நம்போன்றவர்களும் ஒரு கேள்விக்கு விடையளிக்க வேண்டும். மக்களின் உண்மையை எழுதிய நூல் கடைக்கு வந்தபோது அதைக் காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர்? எழுத்தாளனுக்குக் கடமை உண்டு என்பது மெய்யே. அவன் கடமையைச் செய்யும் நாளில் அவன் பக்கம் நிற்பது வாசகனின் கடமை. இரண்டாவதைச் செய்யாதவர், முதலாவதைக் கேட்கும் உரிமையை இழந்தவராவர்.