‘லூசு’ என்று பேர் வைத்தது யார்?

டிப்ளமோ பசங்களுக்கு இங்கிலீஷ் நாவல் எதுக்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1925-ல் வெளியிட்ட ‘மிஸஸ் டாலோவே’யைக் கையில் திணித்து, “செப்டிமஸ் வர்ற பக்கத்தையாவது படிடா” என்றார்.

செப்டிமஸ் முதல் உலகப் போருக்குப் போய் லண்டன் திரும்பியவன். உயிருக்குயிராய்ப் பழகிய அதிகாரி எவன்ஸ் செத்தபோது தனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று பெருமைப்பட்டவன். அது சும்மா விடுமா? 1923-ல், பார்க்கில் கம்பி வேலிக்குப் பின்னால் செத்துப்போன எவன்ஸ் நிற்கிறான். குருவிகள் கிரேக்க மொழியில் பாடுகின்றன. சிரிக்காதீர்கள். 1904-ல் மனநோயில் கிடந்தபோது வுல்ஃபுக்கே பறவைகள் அப்படிப் பாடின.

ஹோம்ஸ் என்ற டாக்டர், உடம்புக்கு ஒண்ணுமில்லை என்கிறார். அடுத்து பெரிய ஸ்பெஷலிஸ்ட் பிராட்ஷா. ரெண்டு மூணு நிமிஷத்தில் முடிவு கட்டிவிடுகிறார். நம்ம மெட்ராலஜி லேபில் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்ப்போமே, அதே கதை! ‘பைத்தியம்’ என்ற சொல்லே அவர் வாயில் வராது. ‘அளவு தப்பிவிட்டது’ என்பார். வைத்தியம்? படுக்கை, தனிமை, புத்தகம் கிடையாது. சுமார் 47 கிலோவில் போனவன் 76 கிலோவில் வெளியே வருவானாம்! செப்டிமஸ் தன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துத் தடுமாறுகிறான். உன்னைப் பற்றி ரொம்ப யோசிக்காதே என்று பேச்சை முடித்துவிடுகிறார். அன்று மாலை ஹோம்ஸ் மாடிப்படி ஏறி வரும்போது செப்டிமஸ் உயிரை விடுகிறான். சாக ஆசைப்பட்டு அல்ல, டாக்டருக்குப் பயந்து.

வுல்ஃபுக்கும் டாக்டர்கள் ஓய்வும் பாலும்தான் எழுதிக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபிராய்டின் நூல்களை 1924 முதல் ஆங்கிலத்தில் போட்டது வுல்ஃப் தம்பதியரின் ஹோகார்த் பிரஸ்தான். ஆனால் அம்மையார் அவரைப் படிக்க உட்கார்ந்தது 1939 கடைசியில். மனோதத்துவப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதல்ல செப்டிமஸின் கதை. பட்டவர் எழுதியது.

போன வருஷம் எங்கள் ஹாஸ்டல் ரூமில் ஒருவன் ராத்திரியில் தனியாகப் பேசுவான். அவன் அப்பா இறந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. ‘லூசு’ என்று பேர் வைத்ததே நான்தான். பாதியில் ஊருக்குப் போய்விட்டான். நாவலை மூடிய அன்று அவனுக்கு போன் போட்டேன். மழை, மாடு என்று எதையோ பேசினான். அப்புறம் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தான். அரை மணி நேரம். நான் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தேன்.